உறையில் மட்டும் இருந்த பெயர்

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கடிதப் பைத்தியம் சற்று அதிகம் என்பது என் அபிப்பிராயம். வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி கூட்டித் தமிழ் ரசித்த டி. கே. சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகங்களாயின. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களும் அச்சேறிவிட்டன. ஒருவருக்கென்று எழுதப்பட்டதை இன்று ஊரே படிக்கிறது. நானும் படித்தேன், நீங்களும் படித்திருப்பீர்கள். அந்தக் கடிதங்களின் உறைமேல் நம் பெயர் இல்லை என்ற நினைவு நமக்கு ஒரு கணமாவது உறுத்தியதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் தம் பெயர் உறையில் இல்லாத ஒரு கடிதத்தைப் படித்துவிட்டார் என்பதற்காக, முப்பத்தோரு வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய ஒரு மனிதர் தலைகுனிந்து வீட்டுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்வதற்குக் கடித உறையின் சரித்திரத்தையும், நகலின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்காமல் வாசகர்கள் என்னுடன் சிறிது தூரம் நடந்து வர வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நடந்த சம்பவம் அது. திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்புறம், விதையும் உரமும் விற்கும் ஒரு கடை. அண்ணன் தம்பி இருவருக்கும் பங்கு. தம்பி கடையைக் கவனிக்கிறார்; அவர் என் சிநேகிதர். அண்ணன் தூத்துக்குடியில் இருந்துகொண்டு வேறு வியாபாரத்தையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறார். கடையில் பத்துப் பன்னிரண்டு சிப்பந்திகள். கிராமங்களில் உள்ள ஏஜெண்டுகளும், வெளியூர்க் கம்பெனிகளும் எழுதும் மின்னஞ்சல்களை வாங்கி அவரவருக்குப் பிரித்துக் கொடுக்க, பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிறிய கம்ப்யூட்டர் உண்டு. அதைக் கடையில் ‘தபால் பெட்டி’ என்பார்கள்.

கடையின் ஆடிட்டர் சென்னையில் இருந்தார். அவர் ஒருநாள் தூத்துக்குடி அண்ணனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். கணக்கு முழுவதும் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டபடியால் பழைய கணக்கப்பிள்ளையை இனி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது சாராம்சம். யோசனை கேட்டவர் அண்ணன். ஆனால் கடையில் இருப்பவருக்குத் தெரியாமல் இப்படி எழுதுவது முறையல்ல என்று ஆடிட்டருக்குத் தோன்றியிருக்கிறது. தெரிவித்தது அண்ணனுக்குத் தெரியவும் கூடாது. ஆகவே தம்பிக்கு ஒரு ரகசிய நகல் போட்டார். ஆங்கிலத்தில் பி.சி.சி. என்பார்கள். தமிழில் மறைநகல் என்று வைத்துக்கொள்வோம்.

பதினோரு நாள் கழித்து ஆடிட்டர் போனில், “என் கடிதத்தைப் பார்த்தீர்களா?” என்றார். “எந்தக் கடிதம்?” என்றார் என் நண்பர். தேடிப் பார்த்ததில், தபால் பெட்டியின் பதிவேடு ஒரு விஷயத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொன்னது. கடிதம் வந்திருக்கிறது. கணக்கப்பிள்ளையின் பெயருக்குப் போயிருக்கிறது. திறந்து படிக்கவும் பட்டிருக்கிறது.

தம்மை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் கடிதம், முதலாளிக்கு வந்த கடிதம், அவர் கையில் எப்படிச் சிக்கிற்று? வழிமறித்து எடுத்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. நண்பர் கோபக்காரர் அல்ல. ஆயினும் அன்று சிப்பந்திகள் எதிரிலேயே, “எத்தனை வருஷமா அண்ணாச்சி இந்த வேலை நடக்கு?” என்று கேட்டுவிட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மேஜைச் சாவியை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திவைக்கிறேன்.

நம் முன்னோர்கள் காலத்தில் ரகசிய நகல் என்ற ஒன்றுக்கு மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. அரசன் வாய்திறந்து சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தான்; அவனுக்குத் திருமந்திர ஓலை என்று பெயர். அவன் எழுதியதைச் சரிபார்க்க ஓலைநாயகம் இருந்தான். பிறகு அது வரிப் புத்தகத்தில் ஏறும். உரிய ஊருக்குத் திருமுகமாகப் போகும். கோயில் சுவரில் கல்லிலும் வெட்டப்படும். எத்தனை நகல் எடுத்தாலும் அதில் சம்பந்தப்பட்டவன் தன் பெயரைச் சொல்லி, “இவை இன்னான் எழுத்து” என்று கையெழுத்திடுவான். பாண்டிய நாட்டிலும் சோழ நாட்டிலும் கோயில் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ‘எழுத்து’ பழக்கமானது. யாருக்குத் தெரியும், யார் சாட்சி என்பது கல்லில் வெளிப்படையாக நிற்கும்.

பிறகு கம்பெனியார் தபால் வந்தது. 1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் தபாலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சென்னையில் 1786-ல் பெரிய தபாலாபீஸ் ஏற்பட்டது. 1854-ல் இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. தூரத்தைப் பாராமல் எடையைப் பார்த்துக் கூலி வாங்கும் முறையும் வந்தது. நம் ஜில்லாவின் மேற்கு ஓரத்தில் இன்னொரு தபாலும் ஓடிற்று. அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து அஞ்சல். மணி கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு ஓடும் அஞ்சல்காரனுக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த சீமை. அதனால் தென்காசிப் பக்கத்தில் தபாலும் அஞ்சலும் சில மைல் இடைவெளியில் தனித்தனியே ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபாலோடு கலந்துவிட்டது. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று தமிழர் அனைவரும் தபாலை அஞ்சல் என்கிறோம். கம்ப்யூட்டர் தபாலையும் மின்னஞ்சல் என்கிறோம்.

தபாலோ அஞ்சலோ, இரண்டுக்கும் தர்மம் ஒன்றுதான். தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் மேலே எழுதியிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது. கடிதத்துக்குள் ‘அன்புள்ள மாமாவுக்கு’ என்று இருக்கும். எந்த மாமா, எந்த ஊர் மாமா என்பதெல்லாம் உறைமேல்தான். உறைக்குத் தனி மதிப்பு வந்ததும் ஒரு சரித்திரம். இங்கிலாந்தில் 1840-க்கு முன் எத்தனை தாள் என்று எண்ணிக் கூலி வாங்கினார்கள். உறையும் ஒரு தாள் என்று கணக்காகும். ஆகவே கடிதத்தையே மடித்து, அதன் முதுகில் விலாசம் எழுதி, அரக்கு வைத்து அனுப்பினார்கள். ரோலந்து ஹில் கொண்டுவந்த ஒரு பென்னித் தபாலுக்குப் பிறகுதான் உறை எல்லோருக்கும் கட்டுப்படியாகும் பொருளாயிற்று.

உறைமேல் விலாசம் சரியில்லை, அனுப்பியவரும் தெரியவில்லை என்றால்? அதற்கும் தபால் இலாகா ஒரு வழி வைத்தது. அத்தகைய கடிதங்கள் தனி ஆபீசுக்குப் போகும். ‘செத்த கடித ஆபீஸ்’ என்று அதற்கு முன்பு பெயர். அங்கே மட்டும், அதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள், உரியவரைக் கண்டுபிடிப்பதற்காகக் கடிதத்தைத் திறக்கலாம். திறப்பவன் பெயரும் பொறுப்பும் எல்லோருக்கும் தெரியும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இனி நகலைப் பார்ப்போம். நீராவி யந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட், 1780-ல் கடித நகல் எடுக்கும் ஓர் அச்சுக்கும் உரிமை பெற்றார். மை ஈரமாயிருக்கும்போதே மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஏறும். 1806-ல் ரால்ப் வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயர் மை தோய்த்த தாளுக்கு உரிமை பெற்றார். கண் தெரியாதவர்கள் எழுதுவதற்கு உதவியாக வேண்டும் என்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர், பார்வையிழந்த ஒரு சீமாட்டிக்காகத் தட்டெழுத்து யந்திரம் ஒன்று செய்தார். அதற்கு மை கொடுத்ததும் இத்தகைய தாள்தான். கார்பன் தாளின் பிறப்பு இது. பார்வையற்றவர் எழுதப் பிறந்த தாள், பிற்காலத்தில் பார்வையுள்ளவர் கண்ணில் படாமல் எழுதவும் பயன்பட்டது என்பது விதியின் குறும்பு.

பழைய ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு அந்த வித்தை தெரியும். கடிதத்தின் அடியில் ‘நகல்: இன்னாருக்கு’ என்று தட்டினால் அது பகிரங்க நகல். மூலத்தை வாங்குகிறவரும் அதைப் பார்ப்பார். மறைநகல் என்றால், யந்திரத்திலிருந்து மூலத்தை உருவிவிட்டு, அடித்தாளில் மட்டும் அந்தப் பெயரைத் தட்டுவார்கள். மூலத்தைப் பெறுகிறவரின் கண்ணுக்கு அந்தப் பெயர் குருடு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரும் ‘குருட்டு கார்பன் காப்பி’ என்பதே. ஆயினும் அந்த நகல் தவறான கைக்குப் போகாது. ஏனென்றால் அதையும் ஓர் உறையில் போட்டு, உறைமேல் உரியவர் பெயரை எழுதித்தான் குமாஸ்தா தபாலில் சேர்ப்பான்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்தக் குமாஸ்தாவை அப்படியே தங்கள் யந்திரத்துக்குள் குடியேற்றினார்கள். 1971-ல் ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், பெயருக்கும் யந்திரத்துக்கும் நடுவே ‘அட்’ குறியைப் போட்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதம் அனுப்பினார். 1977-ல் கடிதத்தின் தலைப்பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்த விதிகளில், பெறுநர், நகல் என்பவற்றோடு மறைநகலும் ஒரு வரியாக இடம்பெற்றது. கார்பன் தாளே இல்லாத இடத்தில் கார்பனின் பெயர்!

1982 ஆகஸ்டில் இரண்டு விதிநூல்கள் வெளிவந்தன. டேவிட் கிராக்கர் எழுதியது கடிதத்தின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொன்னது. ஜான் போஸ்டல் எழுதியது, ஒரு தபால் கம்ப்யூட்டர் மற்றொன்றிடம் கடிதத்தை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதைச் சொன்னது. இரண்டாவதுதான் உறை. மின்னஞ்சலுக்கு உறையா என்று வாசகர்கள் வியக்கலாம். உண்டு. கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அனுப்பும் கம்ப்யூட்டர், “இது இன்னாரிடமிருந்து வருகிறது, இன்னாருக்குப் போக வேண்டும்” என்று வாய்மொழியாகச் சொல்கிறது. வாங்கும் கம்ப்யூட்டர் சரி என்ற பிறகே கடிதம் கைமாறுகிறது. நாம் திரையில் பார்க்கும் ‘பெறுநர்’ வரி உள்ளே இருக்கும் ‘அன்புள்ள மாமாவுக்கு’ போன்றதுதான். கடிதத்தைக் கொண்டு சேர்ப்பது அந்த வரி இல்லை. முன்னால் சொன்ன வாய்மொழிதான்.

மறைநகலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அனுப்புகிற கம்ப்யூட்டர் மறைநகல்காரரின் பெயரை உறையில் மட்டும் எழுதும். உள்ளே இருக்கும் வரியை அழித்துவிடும். 2001-ல் விதிகளைத் திருத்தி எழுதியபோது இதற்கு மூன்று முறைகளை அங்கீகரித்தார்கள். யாருக்கும் காட்டாமல் வரியையே எடுத்துவிடலாம். மறைநகல் பெறுகிறவருக்குப் போகும் பிரதியில் மட்டும் விட்டுவைக்கலாம். அல்லது பெயர்களை நீக்கிவிட்டு, மறைநகல் உண்டு என்று அறிவிக்கும் வெறும் வரியை மட்டும் விடலாம். பொதுவாக நடப்பது முதல் முறை. அப்போது கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் அந்தப் பெயர் உள்ளேயிருந்து விழாது. அது இருக்கும் ஒரே இடம் உறை.

அந்த உறையைக் கிழித்து எறிந்துவிட்டால்?

அப்படித்தான் நடந்திருக்கிறது டவுன் கடையில். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. பம்பாய், டில்லி, கல்கத்தா, மதராஸ் என்று பெரிய பட்டணங்களில் தொடங்கிற்று. டெலிபோன் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றிச் சேர வேண்டும்; இருக்கும் நேரத்துக்கெல்லாம் காசு. எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தபோது, சிறிய கடைகள் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தன. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பெட்டி வாங்குவானேன்? கம்பெனி பெயருக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் வெளியூர்த் தபால் கம்பெனியில் ஒரே பையில் போட்டுவைக்கச் சொல்வது. காலையும் மாலையும் டெலிபோனில் கூப்பிட்டு அந்தப் பையை மொத்தமாக இழுத்துக்கொள்வது. பிறகு வீட்டுக்குள் பிரித்துக்கொள்வது. பையிலிருந்து கடிதத்தை இழுக்கும் முறைக்கு 1984-லேயே விதி வகுத்திருந்தார்கள். இழுத்துப் பிரித்துக் கொடுக்கும் இலவச நிரல்களும் இருந்தன. எரிக் ரேமண்ட் 1996-ல் வெளியிட்ட ‘பெட்ச்மெயில்’ அவற்றில் பெயர்பெற்ற ஒன்று.

பையில் போடும்போது உறை போய்விடுகிறது. அதுதான் வினை. உறை என்பது ஒப்படைக்கும்போது சொல்லும் வாய்மொழி. ஒப்படைத்தாயிற்று என்றதும் அதன் ஆயுள் முடிந்தது. பாபநாசத்துத் தண்ணீரும் மணிமுத்தாற்றுத் தண்ணீரும் சுத்தமல்லி அணைக்கட்டில் ஒன்றாகத் தேங்கிய பிறகு, ஒரு குடத்தை மொண்டு, இது எந்த மலையில் பெய்த மழை என்று கேட்க முடியுமா? கடை நிரல் பாவம், என்ன செய்யும்? கடிதத்துக்குள் எட்டிப் பார்த்து, பெறுநர் வரியிலும் நகல் வரியிலும் தெரிந்த பெயர் ஏதாவது இருக்கிறதா என்று ஊகிக்கும். சாதாரணக் கடிதத்துக்கு ஊகம் பலிக்கும். மறைநகலுக்குப் பலிக்காது.

இதை எனக்கு விளக்கியவர், மேலப்பாளையத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். பெரியவர் சாவியை வைத்துவிட்டுப் போன மறுநாள் நண்பர் அவரை அழைத்திருந்தார். யந்திரத்தைப் பழுது பார்க்க அழைக்கவில்லை. கணக்கப்பிள்ளை எப்படித் திருடினார் என்று கண்டுபிடிக்க அழைத்தார். தைரியத்துக்கு நானும் கூட இருந்தேன்.

இளைஞர் உடனே யந்திரத்தைத் தொடவில்லை. “இதுக்கு முந்தி இப்படிக் காணாமப் போயிருக்கா?” என்று சிப்பந்திகளைக் கேட்டார். ஒருவர் சொன்னார், “காணாமப் போனதுன்னு இல்ல. எனக்குச் சிலது ரெண்டு ரெண்டா வரும்.” இளைஞரின் முகம் மலர்ந்தது. வெளிப்படையாக ஒருவருக்கும் மறைநகலாக மற்றொருவருக்கும் இதே கடைக்கு எழுதினால், பைக்குள் இரண்டு பிரதிகள் விழும். இரண்டின் உள்ளேயும் வெளிப்படையான பெயர் ஒன்றே இருக்கும். ஆகவே இரண்டும் அவருக்கே போகும், மறைநகல்காரருக்கு ஒன்றும் போகாது. ஒருவருக்கு இரட்டையாக வருவதும் மற்றொருவருக்கு வராமல் போவதும் ஒரே நோயின் இரண்டு குணங்கள் என்றார் அவர்.

பிறகு தம் கைப்போனிலிருந்து மூன்று கடிதங்கள் அனுப்பினார். முதலாவது, நேராக முதலாளி பெயருக்கு. இரண்டாவது, கடைச் சிப்பந்தி ஒருவருக்கு, முதலாளிக்கு மறைநகல். மூன்றாவது, வெளியூர் விலாசத்துக்கு, முதலாளிக்கு மறைநகல். முதலாவது முதலாளிக்கு வந்தது. இரண்டாவது சிப்பந்திக்கே இரண்டு தடவை வந்தது. மூன்றாவது?

வீட்டுக்குப் போய்விட்ட கணக்கப்பிள்ளையின் பெட்டியில் கிடந்தது.

அறையில் யாரும் பேசவில்லை. அவர் அங்கே இல்லை. அவருடைய நாற்காலி காலி. கடிதம் மட்டும் தானாக அவரைத் தேடிப் போயிருந்தது.

இளைஞர் நிரலின் அமைப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். ஒவ்வொரு தபால் கம்ப்யூட்டரிலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெயரில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும் என்று 1982 விதி சொல்கிறது. இந்த நிரலும் உரியவர் தெரியாத கடிதங்களைப் போட அப்படி ஒரு பெயரைக் கேட்கும். எட்டு வருஷத்துக்கு முன் இதை அமைத்துக் கொடுத்தவர், “தினம் காலையில் முதலில் வருகிறவர் யார்?” என்று கேட்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பெயரை எழுதிவிட்டுப் போய்விட்டார். செத்த கடித ஆபீசுக்கு அதிகாரியாக அந்தப் பெரியவர் எட்டு வருஷம் உத்தியோகம் பார்த்திருக்கிறார், நியமன உத்தரவு இல்லாமலே.

அன்று மாலை நான் மட்டும் குறுக்குத்துறைப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் தெருவையே பார்த்தார்.

“எனக்கு வாரதெல்லாம் எனக்குள்ளது இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. மாசத்துல நாலஞ்சு வரும். தாளில எடுத்து முதலாளி மேசைத் தட்டுல வச்சிருவேன். எப்படி வந்துச்சின்னு அவுகளும் கேக்கல, நானும் சொல்லல. யந்திரம் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

“அப்போ இதை மட்டும் ஏன் அண்ணாச்சி வைக்கலை?”

“இதை நானே எப்படிக் கொண்டு வைக்கட்டும்?” என்றார். “என் சாவுக்கு நானே ஓலை கொண்டு போன மாதிரில்லா இருக்கும். நாளைக்கு வைப்போம், நாளைக்கு வைப்போம்னு பதினோரு நாளு ஆயிட்டு.”

எட்டு வருஷமாக அந்தத் தட்டில் அவர் வைத்த தாள் ஒவ்வொன்றும் யந்திரத்தின் கோளாறுக்கு ஒரு சாட்சி. யாராவது ஒருநாள் ‘இது உமக்கு எப்படி வந்தது?’ என்று கேட்டிருந்தால் அன்றே நோய் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். கேட்ட ஒரே நாள், குற்றம் சாட்டும் நாளாக வாய்த்தது.

கோளாறைச் சரிசெய்வது பெரிய காரியமாக இல்லை. வெளியூர்த் தபால் கம்பெனி பையில் போடும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும், உறையில் இருந்த பெயரை ஒரு தனி வரியாகக் குறித்து வைக்கும்படி ஏற்பாடு செய்யலாம்; நிரல் அந்த வரியை மட்டும் பார்த்துப் பிரிக்கும். பெட்ச்மெயிலுடன் வரும் கையேடும் ஒரே பையிலிருந்து பலருக்குப் பிரிப்பதில் உள்ள இந்த அபாயத்தை எச்சரிக்கத்தான் செய்கிறது. அல்லது ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வாங்கிவிடலாம். அதுவே உத்தமம் என்றார் இளைஞர். டெலிபோனுக்கு நிமிஷக் கணக்கில் காசு கொடுத்த காலம் மலையேறிவிட்டது. அந்தச் சிக்கனம் மட்டும் காரணத்தை மறந்து உயிரோடு இருந்திருக்கிறது. பன்னிரண்டு பெட்டியும் ஒரே நாளில் வந்தன.

எல்லாம் முடியும் தறுவாயில் இளைஞர் கேட்டார்: “போஸ்ட்மாஸ்டர்னு ஒரு பேரு குடுக்கணும். யாரு பேரைப் போடட்டும்?”

நண்பர் சிறிது யோசித்தார். “எம் பேரைப் போடும்” என்றார்.

மறுநாள் காலையில் அவரே குறுக்குத்துறைக்குப் போய்ப் பெரியவரிடம் சாவியைத் திரும்பக் கொடுத்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பெரியவர் திரும்பி வந்தார். பங்குனியில் வருஷக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு, தாமாகவே ஓய்வு கேட்டு வாங்கிக்கொண்டார். ஆடிட்டர் சொன்ன தொகையைவிடக் கூடுதலாகவே கொடுத்து அனுப்பினார்கள். தூத்துக்குடி அண்ணனும் வந்திருந்தார். மறைநகல் விவகாரம் அவருக்கும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. ஆடிட்டரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: “தம்பிக்கும் சொல்லணும்னு தோணினா, எனக்குத் தெரிய எழுதியிருந்தா நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?”

நான் மறைநகலை அடியோடு கண்டிக்க வரவில்லை. நூறு பேருக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்பும்போது ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாமல் காப்பது நல்ல காரியமே. ஆனால் மூன்று பேர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒருவர் கண்ணை மறைத்து எழுதும்போது, அந்தக் கடிதத்தின் பத்திரம் முழுவதும் ஓர் உறையை நம்பியிருக்கிறது. வழியில் எந்தச் சத்திரத்தில் அதைக் கிழித்து எறிவார்கள் என்பதை எழுதுகிறவர் அறிய மாட்டார். சில சமயம் உறை கிழியாமலே காரியம் கெடும். மறைநகல் பெற்றவர் ஞாபக மறதியாக ‘அனைவருக்கும் பதில்’ என்ற பொத்தானை அழுத்தினால், ஒளிந்திருந்தவர் தாமே சபையில் எழுந்து நின்றது போலாகிவிடும்.

சென்ற மாதம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நண்பரின் மேஜையில் அதே பழைய தட்டு இருந்தது. அதில் ஒரே ஒரு தாள் கிடந்தது. யாரோ ஓர் ஏஜெண்டு சிப்பந்தி ஒருவரின் பெயரைப் பிழையாகத் தட்டிவிட, போஸ்ட்மாஸ்டருக்கு வந்து சேர்ந்த கடிதம். நண்பர் அதைத் தாளில் எடுத்து, மேலே தம் கையால், ‘பெயர் பிழையாக வந்தது, உரியவரைத் தேடுவதற்காக நான் படித்தேன்’ என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். கோயில் சுவரில் பார்த்த அந்த ‘எழுத்து’ எனக்கு நினைவுக்கு வந்தது.